மூளை பண்ற சில்மிஷம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் காலேஜ்ல சைக்காலஜி படிச்சேன், இப்ப பொழப்புக்கு வேற வேலை பாக்கறேன், ஆனா சொந்தக்காரங்க வீட்டு விசேஷத்துல பந்தியில உக்காந்தா போதும், பக்கத்து இலைக்காரங்க "நீ சைக்காலஜி படிச்சவதானே, நான் மனசுல என்ன நெனக்கிறேன் சொல்லு பாப்போம்"னு ஆரம்பிச்சிடுவாங்க. அது எனக்குத் தெரியாதுங்க. ஆனா அதுக்கப்புறம் பாயசம் வர்றதுக்குள்ள கேப்பாங்க பாருங்க, அதெல்லாம் நல்ல கேள்வி. திரும்பத் திரும்ப வந்தத மட்டும் பதிலோட போட்டிருக்கேன்.

பாக்கெட்ல போன் அதிர்ற மாதிரி இருக்கு, எடுத்துப் பாத்தா ஒண்ணும் இல்ல. எனக்கு ஏதாச்சும் கோளாறா?

இல்லவே இல்ல. தொடைச் சதை லேசா துடிக்கும், துணி உரசும், பஸ் சீட்டு ஆடும், இதெல்லாம் நாள் பூரா நடந்துட்டுதான் இருக்கு, மூளை அத்தனையும் குப்பைன்னு ஒதுக்கிடும். நீங்க ஒரு போன்காலுக்காக காத்துட்டு இருக்கறப்போ மட்டும் அதே குப்பைய கிளறிக் கிளறி "இதுவா இருக்குமோ, இதுவா இருக்குமோ"ன்னு பாக்கும். பத்து தடவ சும்மா எடுத்துப் பாத்தா நஷ்டம் ஒண்ணுமில்ல, ஒரு காலை விட்டுட்டாதான் நஷ்டம், அதனால மூளை ஏமாறுறதுக்கு ரெடியாவே இருக்கு. கைக்குழந்தை இருக்கற வீட்ல அம்மா குளிக்கப் போனா, தண்ணி விழற சத்தத்துல குழந்தை அழுவுற மாதிரியே கேக்கும்னு சொல்லுவாங்கல்ல, அதே கதைதான். இந்தப் பக்கத்துல பாதி கேள்விக்கு அடியில இருக்கற விஷயம் இதுதான்: கண்ணு காது குடுக்கறது அரைகுறைத் தகவல், மீதிய மூளை யூகிச்சு நிரப்புது.

புதுசா ஒரு ஸ்கூட்டர் வாங்கினேன், இப்ப ஊரு பூரா அதே கலர் அதே மாடலா ஓடுது. எல்லாரும் என்னப் பாத்தா வாங்கறாங்க?

போன மாசமும் அத்தனை வண்டி ஓடிட்டுதான் இருந்துச்சு, உங்க கண்ணுல படல. இதுக்கு 2005ல ஆர்னால்ட் ஸ்விக்கின்னு ஒரு மொழியியல் பேராசிரியர் 'ஃப்ரீக்வென்சி இல்யூஷன்'னு பேர் வச்சாரு. ரெண்டு வேலை சேந்து நடக்குது: முதல்ல கவனம் அந்தப் பக்கம் திரும்பிடுது, அப்புறம் ஒவ்வொரு தடவ பாக்கறப்பவும் "பாத்தியா, மறுபடியும்!"னு கணக்குல ஏறுது, வேற வண்டி ஆயிரம் போனது கணக்குலயே ஏறாது. இதுக்கு இன்னொரு பேரும் உண்டு, பாடர் மைன்ஹாஃப். அது ஜெர்மனியில இருந்த ஒரு தீவிரவாத கும்பலோட பேருங்க, 1994ல அமெரிக்காவுல ஒரு பேப்பர் வாசகர் அந்தப் பேர முதல் தடவ கேள்விப்பட்ட ஒரே நாளுக்குள்ள இன்னொரு தடவ கேட்டுட்டு பேப்பருக்கு எழுதிப் போட, அதுவே பேரா நின்னுடுச்சு.

பௌர்ணமி அன்னைக்கு பீச்ல நிலா தாம்பாளம் மாதிரி வருது, நடுராத்திரி மொட்டை மாடியில பாத்தா அப்பளம் சைஸ்ல இருக்கு. கிட்ட வந்து தூரப் போகுதா?

நிஜத்துல நேர்மாறு. நிலா அடிவானத்துல இருக்கறப்பதான் உங்ககிட்டருந்து கொஞ்சம் அதிக தூரம், தலைக்கு மேல வர்றப்போ பூமியோட ஆரம் அளவுக்கு, அதாவது கிட்டத்தட்ட 6,400 கிலோமீட்டர் வரைக்கும் பக்கம் வருது. அப்படின்னா உச்சியில இருக்கறப்பதான் துளியூண்டு பெருசா தெரியணும். காத்து மண்டலம் லென்ஸ் மாதிரி பெருசாக்குதுன்னு ஸ்கூல்ல யாரோ சொல்லியிருப்பாங்க, அதுவும் இல்ல, காத்து நிலாவ மேலயும் கீழயும் அமுக்கி கொஞ்சம் சப்பையாதான் ஆக்கும்.

கைய நல்லா நீட்டி சுண்டு விரல நிலா மேல வச்சுப் பாருங்க, கடல் மேல இருந்தாலும் உச்சியில இருந்தாலும் விரல் மொத்தமா மறைச்சிடும், ரெண்டு நேரமும் ஒரே அளவு. பேப்பரை குழாய் மாதிரி சுருட்டி அது வழியா பாத்தா தாம்பாளம் டக்குனு அப்பளமாயிடும், ஏன்னா சுத்தி இருக்கற கடலும் படகும் மறைஞ்சிடுது. அடிவானத்துல இருக்கற பொருளு ரொம்ப தூரம்னு மூளைக்கு ஒரு நெனப்பு, அவ்ளோ தூரத்துலயும் இந்த சைஸ்ல தெரிஞ்சா நிஜத்துல ரொம்பப் பெருசாதான் இருக்கணும்னு ஊதிக் காட்டுது. இது ஒரு விளக்கம்தான், இத ஏத்துக்காத ஆராய்ச்சியாளர்களும் இருக்காங்க, தாலமின்ற பழங்காலத்து வானியல்காரர் காலத்துலருந்து ஓடுற சண்டை இது. போன்ல போட்டோ எடுத்து "என்னடா இத்துனூண்டு இருக்கு"ன்னு நொந்துக்காதீங்க, கேமரா சொல்றதுதான் உண்மை.

ஸ்டேஷன்ல பக்கத்து டிரெயின் கெளம்பினா நம்ம டிரெயின் பின்னாடி போற மாதிரி இருக்கே?

காதுக்குள்ள இருக்கற பேலன்ஸ் உறுப்புக்கு வேகம் தெரியாது, வேகம் மாறுனா மட்டும்தான் தெரியும். ஒரே சீரா ஓடுற டிரெயினும் நிக்கற டிரெயினும் அதுக்கு ஒண்ணுதான். அதனால ஜன்னல் பூரா ஒரே பக்கமா நகர்றத கண்ணு பாத்து "நாம போறோம்"னு சொன்னா, மறுத்துப் பேச ஆள் இல்லாம மூளை நம்பிடுது. பிளாட்பாரத்துல இருக்கற தூணப் பாத்தவுடனே பொசுக்குனு நின்னுடும்.

இதையே திருப்பிப் போட்டா மலைப்பாதை வாந்தி. கொல்லிமலைக்கு 70 கொண்டை ஊசி வளைவு, பஸ்ஸுல தலைய குனிஞ்சு போன் பாத்துட்டே வந்தா கண்ணு "அசையாம உக்காந்திருக்கோம்"னு சொல்லுது, காது "ஐயோ சுத்துது"ன்னு கத்துது, ரெண்டுக்கும் ஒத்துப் போகாம வயிறு கலங்குது. டிரைவர் மட்டும் எப்படி ஜாலியா ஓட்டுறாருன்னா, அடுத்த வளைவு எந்தப் பக்கம்னு அவரு மூளைக்கு முன்னாடியே தெரியும். எலுமிச்சம்பழம் மோந்து பாக்கறதெல்லாம் உங்க இஷ்டம், முன் சீட்டுல உக்காந்து ரோட்டப் பாத்துட்டு வாங்க, அது பெட்டர்.

சுவர் கடிகாரத்த திடீர்னு திரும்பிப் பாத்தா செகண்ட் முள்ளு ஒரு நொடி நின்னுட்டு அப்புறம் ஓடுதே, பேட்டரி போச்சா?

எனக்கு ரொம்பப் பிடிச்ச கேள்வி இது, இதக் கேட்டா நான் இலையில சோறு காயறது தெரியாம பேசிட்டு இருப்பேன்.

நம்ம கண்ணு வழுக்கிட்டு நகராது, தாவும். ஒரு நொடிக்கு சுமார் மூணு தாவல். ஒவ்வொரு தாவல்லயும் எதிர்ல இருக்கறது கலங்கிப் போய்தான் கண்ணுல விழும், அந்தக் கலங்கல மூளை காட்டவே காட்டாது, வெட்டி எறிஞ்சிடும். நம்பலன்னா கண்ணாடி முன்னாடி நின்னு உங்க இடது கண்ணப் பாருங்க, அப்புறம் வலது கண்ணப் பாருங்க, மாத்தி மாத்தி. உங்க கண்ணு நகர்றது உங்களுக்குத் தெரியவே தெரியாது, ஆனா பக்கத்துல நிக்கறவங்களுக்கு நல்லா தெரியும். இப்ப போன எடுத்து செல்ஃபி கேமராவுல அதையே பண்ணுங்க, நகர்றது தெரியும், ஏன்னா திரையில படம் ஒரு இம்மி லேட்டா வருது, அதுக்குள்ள உங்க தாவல் முடிஞ்சிடுது. முதல் தடவ இத நான் ஹாஸ்டல் பாத்ரூம்ல பண்ணிப் பாத்துட்டு ரூம்மேட் எல்லாத்தையும் எழுப்பி உயிர வாங்குனேன்.

சரி, அப்ப வெட்டி எறிஞ்ச நேரம் எங்க போச்சு? மூளை அத வெத்தா விடாம, தாவி முடிச்சதும் முதல்ல எதப் பாத்தீங்களோ அத பின்தேதி போட்டு ஒட்டிடுது. செகண்ட் முள்ள நீங்க பாக்க ஆரம்பிச்சது இப்பதான், ஆனா தாவறதுக்கு முன்னாடிலருந்தே பாத்துட்டு இருந்த மாதிரி கணக்கு எழுதிடும், அதனால முதல் செகண்ட் மட்டும் நீளமா தெரியுது. 2001ல நேச்சர் இதழ்ல இத அளந்து போட்டாங்க. பேட்டரி நல்லாதான் இருக்கு.

சுவத்துக் கறையில, மேகத்துல, தோசையிலகூட சாமி முகம் தெரியுதுன்னு சொல்றாங்களே?

முகம் தெரியறது நிஜம், தெரியற அளவுக்கு மூளை துடிச்சுட்டு இருக்கறதும் நிஜம். முகத்துக்குன்னே மூளையில ஒரு பகுதி ரொம்ப மும்முரமா வேலை செய்யுது, ரெண்டு புள்ளி ஒரு கோடு கிடைச்சா போதும். பிளக் பாயின்ட், காரோட முன்பக்கம், எல்லாமே மூஞ்சிதான். 1976 ஜூலைல வைக்கிங் 1 விண்கலம் செவ்வாய்லருந்து அனுப்புன ஒரு போட்டோல அச்சு அசல் மனுஷ முகம், அத வச்சு செவ்வாய்ல கோட்டை கட்டி ராஜ்ஜியமே நடத்துனாங்க. 2001ல இன்னும் நல்ல கேமராவுல எடுத்தா சும்மா ஒரு மொட்டைக் குன்று, வெயில் சாய்வா அடிச்சப்போ விழுந்த நிழல்தான் மூக்கும் கண்ணும். தோசை விஷயத்துல நான் கருத்து சொல்றதா இல்ல, எங்க பெரியம்மா படிப்பாங்க.

என் குரல ரெக்கார்டிங்ல கேட்டா சகிக்கல, போட்டோலயும் நான் நல்லாவே இல்ல. ஆனா கண்ணாடியில ஓகேவா இருக்கேனே?

குரல் விஷயம் சிம்பிள். பேசறப்போ உங்க குரல் காத்து வழியா மட்டும் இல்ல, மண்டை எலும்பு வழியாவும் உங்க காதுக்குப் போகுது, எலும்பு அடித்தொண்டை சத்தத்த நல்லா கடத்தும், அதனால உங்களுக்கு மட்டும் கம்பீரமா கேக்கும். ரெக்கார்டிங்ல எலும்பு இல்ல.

போட்டோ விஷயம் அதவிட சுவாரஸ்யம். நீங்க தினமும் பாக்கற உங்க முகம் கண்ணாடி முகம், அதாவது வலம் இடம் மாறுனது. வகிடு, மூக்குத்தி, லேசா தூக்கியிருக்கற ஒரு புருவம் எல்லாம் போட்டோல எதிர்ப்பக்கம் போயிடும். அடிக்கடி பாத்துப் பழகுனது எதுவோ அதுதான் மனசுக்குப் புடிக்கும்னு 1968ல ராபர்ட் ஸயான்ஸ் காட்டுனாரு, சும்மா அர்த்தமில்லாத எழுத்தக்கூட திரும்பத் திரும்பக் காட்டுனா ஆளுங்களுக்குப் புடிக்க ஆரம்பிச்சிடுது. 1977ல இன்னொரு குரூப் காலேஜ் பொண்ணுங்களோட போட்டோவ நேரா ஒண்ணு, திருப்பி ஒண்ணுன்னு பிரிண்ட் போட்டுக் காட்டுனா, அந்தப் பொண்ணுங்க பெரும்பாலும் கண்ணாடி மாதிரி இருக்கறத எடுத்தாங்க, அவங்க பிரண்ட்ஸ் நேரா இருக்கறத எடுத்தாங்க. ஆக போட்டோல நீங்க நல்லா இல்லன்னு நெனக்கிறது உலகத்துலயே நீங்க ஒருத்தர் மட்டும்தான்.

கிச்சனுக்குள்ள போனவுடனே எதுக்கு வந்தோம்னு மறந்து போகுது. வயசாயிடுச்சா?

இருபது வயசுலயும் மறக்கும். 2011ல நோட்டர்டாம் யுனிவர்சிட்டியில கேப்ரியல் ரட்வான்ஸ்கி குரூப், ஒரே தூரத்த ஒரே ரூமுக்குள்ள நடக்கறவங்களவிட வாசல் தாண்டி நடக்கறவங்க அதிகமா மறக்கறாங்கன்னு சொன்னாங்க. வாசல் தாண்டுறப்போ மூளை பழைய பைல மூடி புதுசு திறக்குதாம். பின்னாடி வேற சிலர் செஞ்சு பாத்தப்போ, சும்மா வாசல் தாண்டுனா பெருசா மறக்கல, மண்டையில ஏற்கனவே நாலு விஷயம் ஓடிட்டு இருந்தாதான் மறக்குதுன்னு வந்துச்சு. அதுதான் எனக்கு சரின்னு படுது, அடுப்புல பால், கையில போன், ஹால்ல மாமியார், இதுல வாசல் மேல பழி போடுறது அநியாயம். பழைய ரூமுக்கே திரும்பிப் போனா ஞாபகம் வந்துடும்னு சொல்லுவாங்க, ரட்வான்ஸ்கி குரூப் அதையும் செஞ்சு பாத்தாங்க, பெருசா உதவல.

ஒரே சம்பவத்த அப்பா ஒரு மாதிரி சொல்றாரு, சித்தப்பா வேற மாதிரி சொல்றாரு, ரெண்டு பேரும் சத்தியம் பண்றாங்க. யாரோ ஒருத்தர் பொய் சொல்றாங்கதானே?

பெரும்பாலும் யாருமே பொய் சொல்லல. ஞாபகம்னா வீடியோ மாதிரி எங்கயோ பத்திரமா இருக்கு, வேணும்னா எடுத்து ஓட்டிக்கலாம்னு நெனக்கிறோம். அப்படி இல்லங்க, ஒவ்வொரு தடவையும் புதுசா சமைக்கிறோம், கையில இருக்கற மசாலாவப் போட்டு.

1974ல எலிசபெத் லாஃப்டஸும் ஜான் பால்மரும் ஸ்டூடன்ட்ஸ்க்கு ரெண்டு கார் மோதுற படம் போட்டுக் காட்டிட்டு, எவ்ளோ வேகத்துல போச்சுன்னு கேட்டாங்க. எல்லாருக்கும் அதே படம், கேள்வியில ஒரே ஒரு வார்த்தை மட்டும் வேற. "நொறுங்குற மாதிரி மோதுனப்போ"ன்னு கேட்டவங்ககிட்ட சராசரியா மணிக்கு 40.5 மைல்னு பதில் வந்துச்சு, "தொட்டுக்கிட்டப்போ"ன்னு கேட்டவங்ககிட்ட 31.8. அதுகூட பரவாயில்ல, ரெண்டாவது எக்ஸ்பெரிமென்ட்ல ஒரு வாரம் கழிச்சு கூப்பிட்டு "உடைஞ்ச கண்ணாடி ஏதாச்சும் பாத்தீங்களா"ன்னு கேட்டிருக்காங்க. "நொறுங்குற" வார்த்தை கேட்ட 50 பேர்ல 16 பேர் ஆமான்னாங்க, சாதாரணமா "இடிச்சப்போ"ன்னு கேட்ட 50 பேர்ல 7 பேர். படத்துல கண்ணாடி உடையவே இல்ல. போலீஸ் ஸ்டேஷன்ல, கோர்ட்டுல சாட்சிகிட்ட எப்படி கேள்வி கேக்கறாங்கன்றது எவ்ளோ பெரிய விஷயம்னு இதுல புரியும்.

"அது ஸ்டூடன்ட்ஸ், சின்ன விஷயம், மறந்திருப்பாங்க, பெரிய சம்பவம்னா அப்படியே நிக்கும்"னு எங்க சித்தப்பா வாதம் பண்ணுவாரு. 1986 ஜனவரில சேலஞ்சர் விண்கலம் வெடிச்ச மறுநாள் காலைல உல்ரிக் நைஸர்ன்றவரு ஸ்டூடன்ட்ஸ்கிட்ட, நியூஸ் கேட்டப்போ எங்க இருந்தீங்க, யாரு சொன்னாங்கன்னு எழுதி வாங்கி வச்சுட்டாரு. ரெண்டரை வருஷம் கழிச்சு 44 பேர்கிட்ட மறுபடி கேட்டா அதுல 11 பேருக்கு எல்லாமே தப்பு, இடம், ஆளு, நேரம் எல்லாம். சந்தேகமே இல்லாம சொன்னாங்க, அதான் கொடுமை. அவங்க கையெழுத்தையே காட்டுனாலும் பழைய ஞாபகம் திரும்ப வரல.

எனக்கு நாலு வயசுல கிணத்தடி வழுக்கி விழுந்தது இப்பவும் கண்ணு முன்னாடி நிக்குது, பச்சைப் பாசி, அத்தை ஓடி வர்றது எல்லாம். விழுந்தது நான் இல்ல, என் அக்கான்னு வீட்ல அத்தனை பேரும் சொல்றாங்க. நான் இன்னும் ஒத்துக்கல.

ராசிபலன் பொய்யின்னா எனக்கு மட்டும் எப்படிங்க அப்படியே பொருந்துது?

ஜோசியம் உண்மையா பொய்யான்னு சண்டைக்கு நான் வரல, "பொருந்துது"ன்ற அந்த ஃபீலிங் எங்கருந்து வருதுன்னு மட்டும் சொல்றேன். 1948ல பெர்ட்ரம் ஃபோரர்னு ஒரு வாத்தியார் தன் கிளாஸ்ல 39 பேருக்கு பர்சனாலிட்டி டெஸ்ட் வச்சு, ஒரு வாரம் கழிச்சு ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா ரிசல்ட் குடுத்து, எவ்ளோ பொருந்துதுன்னு அஞ்சுக்கு மார்க் போடச் சொன்னாரு. சராசரி 4.26. எல்லாரும் வாயப் பொளந்துட்டு உக்காந்திருக்கறப்போ ஒருத்தர் பேப்பரை படிக்கச் சொன்னாரு. எல்லார் கையிலயும் இருந்தது ஒரே பேப்பர், பெட்டிக்கடை ஜோசிய புக்லருந்து எடுத்து ஒட்டுனது.

அந்த வரிகள் எந்த மாதிரின்னா, வெளிய தைரியமா தெரிவீங்க, உள்ளுக்குள்ள ஒரு பயம் இருக்கும். மத்தவங்க உங்கள மதிக்கணும்னு எதிர்பாப்பீங்க. சில நேரம் கலகலப்பா இருப்பீங்க, சில நேரம் ஒதுங்கி இருப்பீங்க. சொல்லுங்க, இது யாருக்குப் பொருந்தாது? "நல்ல மனசு, ஆனா நல்லது பண்ணி கெட்ட பேர் வாங்குற ராசி"ன்னு யார்கிட்ட சொன்னாலும் கண்ணு கலங்கிடும். வாரத்துல அஞ்சு நாள் பொருந்தாத பலனெல்லாம் டீக்கடையிலயே மறந்துடுவோம், ஆறாவது நாள் "எதிர்பாராத செலவு"ன்னு போட்டு டயர் பஞ்சர் ஆயிடுச்சுன்னா வருஷம் பூரா சொல்லுவோம். வேற ராசிக்கு எழுதுனத உங்க ராசின்னு சொல்லி யாரையாச்சும் படிக்கச் சொல்லிக் கேட்டுப் பாருங்க, நான் வீட்ல பண்ணேன், நாலு நாளைக்கு காபி கிடைக்கல.

மூணும் பொண்ணா பொறந்தாச்சு, நாலாவது கண்டிப்பா பையன்தானேன்னு எங்க ஊர்ல சொல்றாங்க.

முன்னாடி பொறந்த மூணையும் நாலாவது குழந்தை எண்ணிட்டு வராது. கிட்டத்தட்ட பாதிக்குப் பாதி, அவ்ளோதான். 1913 ஆகஸ்ட் 18 மான்டி கார்லோ சூதாட்ட விடுதியில ரூலட் சக்கரம் தொடர்ந்து 26 தடவ கருப்புலயே விழுந்துச்சு. பதினஞ்சு தாண்டுனதும் "இனி சிவப்புதான் வந்தாகணும்"னு கூட்டம் முண்டியடிச்சுப் பணத்தக் கொட்டுச்சு, விடுதிக்காரன் அள்ளிட்டுப் போனான். சக்கரத்துக்கு ஞாபகம் கிடையாது. சூதாட்டத்துல பணம் போச்சு, நம்ம ஊர்ல இந்த நெனப்பால ஒரு பொம்பளையோட உடம்பு போகுது, அதனால இத மட்டும் நான் சிரிச்சுட்டு சொல்றதில்ல.

ஜவுளிக் கடையில 6,000 ரூபா புடவைய 3,200க்கு வாங்கிட்டு வந்து சந்தோஷப்பட்டேன், வீட்டுக்காரர் சிரிக்கிறாரு. ஏமாந்துட்டேனா?

புடவை 3,200 பெறும்னா ஏமாறல. ஆனா 6,000ன்னு எழுதி அடிச்சிருக்கலன்னா அந்தப் புடவைக்கு நீங்க என்ன விலை கேட்டிருப்பீங்கன்னு யோசிங்க. டேனியல் கானமனும் ஆமோஸ் ட்வெர்ஸ்கியும் 1974ல எழுதுனதுல ஒரு சக்கரம் வருது, சுத்துனா 10 இல்லன்னா 65ல மட்டும் நிக்கற மாதிரி செட்டப் பண்ணது. சுத்திட்டு, ஐ.நா. சபையில ஆப்பிரிக்க நாடுங்க எத்தனை சதவீதம்னு கேட்டாங்க. 10 பாத்தவங்க 25ன்னாங்க, 65 பாத்தவங்க 45ன்னாங்க. சக்கரத்துக்கும் ஆப்பிரிக்காவுக்கும் என்ன சம்பந்தம், ஒண்ணுமில்ல, ஆனா முதல்ல காதுல விழுந்த நம்பர சுத்தியே மூளை கட்டிப் போட்ட மாடு மாதிரி மேயுது. ஆட்டோவுல முதல்ல யாரு ரேட் சொல்றாங்கன்றதுல பாதி பேரம் முடிஞ்சு போறதும் இதனாலதான். கடைக்குப் போறதுக்கு முன்னாடியே நம்ம விலைய மனசுல முடிவு பண்ணிட்டுப் போனா கொஞ்சம் தப்பிக்கலாம். கொஞ்சம்தான்.

படம் மொக்கைன்னு தெரிஞ்சும் காசு குடுத்தாச்சேன்னு முடியற வரைக்கும் உக்காந்திருக்கேன், இது என்ன வியாதி?

போன காசு போனதுதான், எழுந்து வந்தா ரெண்டு மணி நேரமாச்சும் மிஞ்சும், தெரியுது, ஆனா எழுந்திருக்க மாட்டோம். 1985ல ஹால் ஆர்க்ஸ், கேத்தரின் ப்ளூமர்னு ரெண்டு பேர் கேட்ட கேள்வி: 100 டாலருக்கு ஒரு பனிச்சறுக்கு டிரிப், 50 டாலருக்கு இன்னொண்ணு, 50 டாலர் டிரிப்தான் ஜாலியா இருக்கும்னு உங்களுக்கே தெரியும், ரெண்டும் ஒரே நாள்ல வருது, காசு திரும்பாது, எதுக்குப் போவீங்க? பாதிக்கு மேல 100 டாலர் டிரிப்புன்னாங்க. பஃபேல மூச்சு முட்டத் திங்கறது, புடிக்காத படிப்ப மூணாவது வருஷம் வந்தாச்சேன்னு இழுக்கறது, எல்லாம் அதே சாதி. நான் ஒரு ஆன்லைன் கோர்ஸுக்கு கட்டுன காசு நெனப்புல இன்னும் தினம் ஒரு வீடியோ பாக்கறேன், எதுக்குன்னே தெரியல.

ரிசப்ஷன்ல என் சட்டையில ரசம் கொட்டிடுச்சு, எல்லாரும் அதையேதான் பாத்தாங்க.

பாக்கலங்க, அவங்கவங்க சட்டைய அவங்கவங்க பாத்துட்டு இருந்தாங்க. 2000ல கார்னெல் யுனிவர்சிட்டியில, போட்டா மானம் போற மாதிரி ஒரு பழைய பாட்டுக்காரர் படம் போட்ட டீஷர்ட்ட மாட்டிவிட்டு ஸ்டூடன்ட்ஸ ஆளுங்க இருக்கற ரூமுக்குள்ள அனுப்புனாங்க. போட்டவங்க கிட்டத்தட்ட பாதிப் பேர் கவனிச்சிருப்பாங்கன்னு நெனச்சாங்க, கவனிச்சது கால்வாசிப் பேர்கூட இல்ல.

மூளையில 10 சதவீதம்தான் யூஸ் பண்றோமாமே?

கட்டுக்கதை. உடம்பு எடையில 2 சதவீதம் இருந்துட்டு சக்தியில 20 சதவீதத்த முழுங்குது, சும்மா இருக்கறதுக்கா அவ்ளோ சோறு போடுது உடம்பு?

இந்த ஆராய்ச்சியெல்லாம் அமெரிக்காவுல காலேஜ் பசங்க மேல பண்ணது. நமக்கு எப்படி பொருந்தும்?

சரியான கேள்வி, இத எங்க டிபார்ட்மென்ட்லயே யாரும் கேக்கல. முல்லர் லையர்னு ஒரு பழைய படம், 1889லருந்து இருக்கு, ஒரே நீளக் கோடு ரெண்டு, ஒண்ணுக்கு நுனியில அம்புக்குறி உள்ள மடங்கியிருக்கும், ஒண்ணுக்கு வெளிய விரிஞ்சிருக்கும், விரிஞ்சது நீளமா தெரியும். 1960கள்ல இத பல நாட்டு மக்கள்கிட்ட காட்டுனாங்க. அமெரிக்காவுல எவன்ஸ்டன் ஊர்க்காரங்களுக்கு ஒரு கோடு சுமார் 20 சதவீதம் நீளமா இருந்தாதான் ரெண்டும் சமம்னு பட்டுச்சு, ஆப்பிரிக்காவுல காலஹாரி பக்கம் வாழற சான் மக்கள் கிட்டத்தட்ட ஏமாறவே இல்ல. மூலை மூலையா கட்டுன வீட்டுல வளர்றதாலதான் இந்த வித்தியாசம்னு ஒரு கட்சி, இல்லன்னு ஒரு கட்சி, அது ஓயல.

எதிர்ப்பக்கத்துக்கும் உதாரணம் இருக்கு, அதுல நம்மாளுங்களே வர்றாங்க. முள்ளு முள்ளா ஒரு உருவம், மொழுமொழுன்னு ஒரு உருவம், ஒண்ணு பேரு 'கிகி' இன்னொண்ணு பேரு 'பூபா', எது எதுன்னு கேட்டா நீங்க என்ன சொல்லுவீங்க? முள்ளுதான் கிகின்னு தோணுதுல்ல. 1929ல வூல்ஃப்கேங் கோலர் இதே மாதிரி வேற வார்த்தைய வச்சுப் பண்ணாரு, 2001ல வி.எஸ். ராமச்சந்திரனும் எட்வர்ட் ஹப்பர்டும் அமெரிக்க காலேஜ் பசங்ககிட்டயும் இங்க தமிழ் பேசறவங்ககிட்டயும் கேட்டாங்க, ரெண்டு பக்கமும் 95 சதவீதத்துக்கு மேல ஒரே பதில். ராமச்சந்திரன் நம்ம சென்னை ஸ்டான்லி மெடிக்கல் காலேஜ்ல படிச்சவரு, கை போனவங்களுக்கு இல்லாத கையில வலிக்கிறத ஒரு சாதாரண கண்ணாடிப் பெட்டி வச்சு குறைக்கலாம்னு காட்டுனது அவருதான். இருக்கற கையோட பிம்பம் இல்லாத கை இருந்த இடத்துல தெரியற மாதிரி கண்ணாடிய நிறுத்திட்டா, மூளை ஏமாந்து, இறுகிக் கிடந்த அந்தக் கைய விரிக்குது. ஏமாத்தி வைத்தியம்!

மொழி காத எப்படி பழக்குதுன்னு தெரியணும்னா 'பம்பரம்'னு சொல்லிப் பாருங்க. முதல் 'ப' வேற சத்தம், 'ம்'முக்கு அடுத்து வர்ற 'ப' வேற சத்தம், தொண்டையில விரல் வச்சா அதிர்றது தெரியும். வேற மொழிக்காரங்களுக்கு அது ரெண்டு எழுத்து, நமக்கு இத்தனை வருஷமா ஒரே 'ப'ன்னுதான் கேட்டுட்டு இருக்கு.

இன்னொண்ணும் சொல்லிடறேன். 2015ல நூறு சைக்காலஜி ஆய்வுகள மறுபடியும் செஞ்சு பாத்தாங்க, முன்னாடி மாதிரியே தெளிவா ரிசல்ட் வந்தது மூணுல ஒரு பங்குக்கு கொஞ்சம் மேல, அவ்ளோதான். அதனால "சைக்காலஜி சொல்கிறது"ன்னு பார்வர்டு வந்தா, நான் படிச்சவதான், நானே முதல்ல நம்ப மாட்டேன்.

இதையெல்லாம் தெரிஞ்சுக்கிட்டா இனிமே ஏமாற மாட்டோம்ல?

ஏமாறுவோம். எம்ஐடியில எட்வர்ட் ஏடல்சன் 1995ல பண்ண சதுரங்கப் பலகை படத்துல, நிழல்ல இருக்கற வெள்ளைக் கட்டமும் வெளிய இருக்கற கருப்புக் கட்டமும் ஒரே சாம்பல் நிறம். நான் பிரிண்ட் எடுத்து கத்திரியால வெட்டிப் பக்கத்துல பக்கத்துல வச்சு, ஒண்ணுதான்னு ஒத்துக்கிட்டு, திரும்ப படத்துல வச்சேன், மறுபடியும் ஒண்ணு வெள்ளை ஒண்ணு கருப்பு. கண்ணுக்கே இந்தக் கதின்னா முடிவெடுக்கற மூளைக்கு கேக்கணுமா. வாழ்நாள் பூரா இதையே ஆராய்ச்சி பண்ணி நோபல் வாங்குன கானமனே, தன்னால பெருசா திருந்த முடியலன்னு ஒத்துக்கிட்ட ஆளு. இதுல கூத்து என்னன்னா, இந்தப் பட்டியலப் படிக்கிறவங்க எல்லாருக்கும் "ஆமா, என் மச்சான் இப்படித்தான்"னு தோணும், "நான் இப்படித்தான்"னு தோணாது, அதையும் 2002ல எமிலி ப்ரோனின் குரூப் ஆராய்ச்சி பண்ணி வச்சிருக்காங்க. மனச நம்பாம பேப்பர நம்புனா ஓரளவு உதவும், முன்கூட்டியே எழுதி வச்சுக்கறது. அது எப்படின்னு அடுத்த கேள்வியில.

எங்க மாமா எது நடந்தாலும் "எனக்கு அப்பவே தெரியும்"ன்றாரு. நிஜமாவே தெரியுமா?

தெரிஞ்ச மாதிரி அவருக்கு நிஜமாவே தோணுது. 1972ல அமெரிக்க அதிபர் நிக்சன் சீனாவுக்கும் ரஷ்யாவுக்கும் போறதுக்கு முன்னாடி பரூக் ஃபிஷாஃப் இஸ்ரேல்ல ஸ்டூடன்ட்ஸ்கிட்ட என்னென்ன நடக்க எவ்ளோ வாய்ப்புன்னு எழுதி வாங்குனாரு. போயிட்டு வந்தப்புறம், அன்னைக்கு நீங்க என்ன எழுதுனீங்கன்னு ஞாபகப்படுத்திச் சொல்லச் சொன்னா, நடந்ததுக்கெல்லாம் நான் அதிக வாய்ப்பு குடுத்திருந்தேன்னு சொன்னாங்க. குடுக்கல. முடிவு தெரிஞ்சதும் பழைய நெனப்பு மேலயே பெயின்ட் அடிச்சிடுது மூளை.

எங்க வீட்லயும் ஒரு மாமா உண்டு. போன தேர்தலப்போ எந்தத் தொகுதியில யாரு ஜெயிப்பாங்கன்னு தினசரி காலண்டர் தாள் பின்பக்கத்துல அவரையே எழுதச் சொல்லி, தேதியோட கையெழுத்தும் வாங்கி, அரிசி டப்பாக்குள்ள போட்டேன். ரிசல்ட் அன்னைக்கு சாயங்காலம் வந்து உக்காந்து "நான்தான் சொன்னேனே"ன்னாரு. டப்பாவத் திறந்து தாள எடுத்துக் குடுத்தேன். மூக்குக் கண்ணாடியப் போட்டு ரெண்டு தடவ படிச்சுட்டு, "இது என் கையெழுத்து மாதிரி இல்லையேம்மா"ன்னாரு.